குடல் தொற்றுக்கு நானோ துகளில் ஆன்டிபயாடிக்: எப்போது தேவை, எந்தத் துகள்?

மருந்தாக்கவியல் முதுநிலைத் திட்டங்களில் ஓயாமல் வரும் தலைப்பு இது: ஏதோ ஒரு ஆன்டிபயாடிக், ஏதோ ஒரு பாலிமர், 200 நானோமீட்டர் துகள், கடைசியில் 'குடல் தொற்றுக்கு' என்று ஒரு சொல். பாலிமரைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் யோசிப்பார்கள். எந்தக் கிருமி, அது குடலில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. தேர்வை அந்த முனையிலிருந்துதான் தொடங்க வேண்டும். குடல் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு நானோ துகள் தேவையே இல்லை. பூச்சு மாத்திரையோ வெறும் காப்ஸ்யூலோ அந்த வேலையை ஏற்கெனவே ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. மிஞ்சும் சில இடங்களில் எந்தத் துகள் என்பதை மருந்தின் குணமும் ஒரு வேளை மருந்தின் எடையும்தான் முடிவு செய்யும்.

முதலில், கிருமியின் இருப்பிடம்

குடலுக்குள் கிருமி மூன்று இடங்களில் இருக்கலாம்: உணவு ஓடும் உள்வெளியில், சுவரை ஒட்டிய சளிப்படலத்தில், அல்லது சுவர் செல்களுக்கு உள்ளே.

உள்வெளிக் கிருமிக்கு நல்ல எடுத்துக்காட்டு கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில். வான்கோமைசின் 125 மி.கி., நாளுக்கு 4 வேளை, 10 நாள் என்பது பழகிய முறை. மூலக்கூறு எடை 1,450க்குப் பக்கத்தில் இருக்கும் இந்த மருந்து குடலில் உறிஞ்சப்படுவதே இல்லை என்று சொல்லலாம். வாயில் போட்டது பெருங்குடலுக்குத்தான் போய்ச் சேரும். மலத்தில் ஒரு கிராமுக்கு நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் இருக்கும். கிருமியைத் தடுக்க ஓரிரு மைக்ரோகிராம் போதும். தேவையைப் போல நூறு மடங்குக்கு மேல் மருந்து நிற்கும் இடத்தில் துகள் கூட்டித் தருவதற்கு ஒன்றுமில்லை. அங்கே உண்மையான தொல்லை நோய் திரும்ப வருவது. அதைக் குறைத்ததும் மருந்தின் தாக்கு வரம்புதான்: 2011இல் வெளியான சோதனையில் ஃபிடாக்ஸோமைசின் எடுத்தவர்களில் சுமார் 15 விழுக்காட்டினருக்கும் வான்கோமைசின் எடுத்தவர்களில் சுமார் 25 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. ஃபிடாக்ஸோமைசின் மற்ற நல்ல குடல் கிருமிகளை அவ்வளவாகத் தொடாது. அந்தப் பலன் வந்தது சாதாரண மாத்திரையிலிருந்து.

காலராவும் அப்படியே. அதன் கிருமியான விப்ரியோ சிறுகுடலின் மேற்பரப்பில் நிற்கும், உள்ளே புகாது. முதலில் உப்புச் சர்க்கரைக் கரைசல், கூடவே பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 300 மி.கி. ஒரே வேளை. இதற்கு நானோ துகள் செய்ய நினைப்பது வீண் வேலை.

பயண வயிற்றுப்போக்குக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018இல் ஒப்புதல் தந்த ரிஃபாமைசின் எஸ்வி மாத்திரையையும் பார்க்கலாம். பிஹெச் 7ஐ ஒட்டிக் கரையும் பூச்சு, உள்ளே மெதுவாக மருந்தை விடும் மாத்திரை. ரிஃபாக்சிமின் அதைவிட எளிது: 0.4 விழுக்காட்டுக்கும் குறைவாகவே உறிஞ்சப்படுவதால் பூச்சுகூடத் தேவைப்படவில்லை. உறிஞ்சப்படாத மருந்து, உள்வெளிக் கிருமி என்ற ஜோடி அமைந்துவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

டைஃபாய்டுக்குத்தான் நானோ வாதம் வலுவாகத் தெரியும். கிருமிகளை விழுங்கும் வெள்ளணுவான மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளேயே கிருமி ஒரு பையில் ஒளிந்திருக்கிறது. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் தொடங்கிய பெருமருந்தெதிர்ப்பு டைஃபாய்டில் குளோராம்ஃபெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்ஸசோல், ஃபுளோரோகுவினலோன், மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் எல்லாம் கைவிட்டன. வாய்வழிக்கு மிஞ்சியது அசித்ரோமைசின் மட்டும். பிறகு வங்கதேசத்தில் அசித்ரோமைசினுக்கும் எதிர்ப்பு பதிவானது; ஏசிஆர்பி என்ற வெளியேற்றும் பம்பில் ஒரே ஒரு அமினோ அமில மாற்றம் அதற்குப் போதுமாக இருந்தது. ஆகவே ஊசியில் மட்டும் போகும் மருந்தைத் துகளில் அடைத்து வாய்வழியாகக் கொடுக்கலாமே என்ற யோசனை நியாயமானது. ஆனால் காய்ச்சல் தொடங்கும்போது கிருமி குடலில் மட்டும் இருப்பதில்லை. ஈரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, பித்தப்பை வரை போயிருக்கும். விழுங்கிய துகளில் குடல் சுவரை முழுதாகத் தாண்டுவது மிகச் சிறிய பங்கு. அந்தப் பங்கை நம்பி எலும்பு மஜ்ஜைக்கு மருந்து அனுப்ப முடியாது. அசித்ரோமைசின் வேலை செய்யும் இடத்தில் அதற்குத் துகளும் வேண்டாம். அது தானாகவே மேக்ரோஃபேஜுக்குள் குவியும் மருந்து.

இப்படிக் கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா. பெருங்குடல் சுவர் செல்லுக்குள் புகுந்து பெருகும், பெரும்பாலும் அந்தச் சுவரைத் தாண்டி இரத்தத்துக்குப் போகாது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023 பிப்ரவரியில் வெளியிட்ட எச்சரிக்கையில், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், செஃப்ட்ரியாக்சோன், கோட்ரைமாக்ஸசோல், ஆம்பிசிலின் ஐந்துக்கும் மசியாத ஷிகெல்லா பரவுவதாகச் சொன்னது. ஜென்டாமைசின் போன்ற மருந்து ஆய்வுத் தட்டில் அதைக் கொன்றாலும் செல்லுக்குள் சரியாகப் புகாது. வாய்வழியாகக் கொடுத்தால் உறிஞ்சப்படாது. நோயிடம் குடல் சுவரோடு நிற்கிறது, மருந்தால் செல்லுக்குள் போக முடியவில்லை: துகளுக்கு உண்மையான வேலை இருக்கும் இடம் இதுதான். கீழே வரும் ஒப்பீட்டை இந்த ஒரு பயன்பாட்டை மனத்தில் வைத்தே படிக்கவும்.

கணக்கு போட்டுப் பார்த்தால் பாதி தேர்வுகள் கழன்றுவிடும்

ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கத்தில் 'அடைப்புத் திறன் 90%' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். 100 மி.கி. பாலிமரில் 5 மி.கி. மருந்து போட்டு 4.5 மி.கி. உள்ளே போனால் அடைப்புத் திறன் 90%. ஆனால் துகளின் எடையில் மருந்து 4.3% மட்டும். நோயாளி விழுங்கப் போவது இந்த இரண்டாவது எண்ணை. அதன் பெயர் மருந்தேற்றம்.

வான்கோமைசினையே இந்தத் துகளில் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு 125 மி.கி. என்றால் 2.9 கிராம் துகள், நாளுக்கு 11.6 கிராம். உறையுலர்த்தும்போது துகள்கள் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் டிரெஹலோஸ் என்ற சர்க்கரை இந்தக் கணக்கில் வரவில்லை. அதுவும் துகளின் எடைக்குச் சமமாகவோ இரு மடங்காகவோ போகும். 00 அளவு காப்ஸ்யூலின் கொள்ளளவு சுமார் 0.9 மி.லி. பஞ்சு போன்ற உறையுலர் தூளை அதில் எவ்வளவு அழுத்தினாலும் அரை கிராம் வைப்பதே சிரமம். வேளைக்கு ஆறு காப்ஸ்யூலாவது விழுங்க வேண்டும். சர்க்கரையையும் சேர்த்தால் பன்னிரண்டுக்கு மேல். வாந்தியும் வயிற்றுப்போக்குமாக இருக்கும் ஒருவரிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

எனவே முதல் வடிகட்டி: வேளைக்கு 100 மி.கி.க்கு மேல் தேவைப்படும் மருந்துக்கு 10 விழுக்காட்டுக்குக் கீழே ஏற்றும் துகளைத் தொடவே வேண்டாம். குறைந்த அளவிலேயே வேலை செய்யும் மருந்து, அல்லது 20-30% ஏற்றும் துகள், இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

கைட்டோசான்

எல்லோரும் முதலில் கைவைப்பது இதில்தான். இறால் ஓட்டிலிருந்து வருவது, விலை குறைவு, கரிமக் கரைப்பான் வேண்டாம், ஒரு காந்தக் கலக்கி போதும். 1% அசிட்டிக் அமிலத்தில் ஒரு மி.லி.க்கு 1 முதல் 2 மி.கி. கைட்டோசான் கரைத்து, பிஹெச்சை 4.6 முதல் 5க்குள் கொண்டுவந்து, டிரைபாலிபாஸ்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவது. கைட்டோசானும் பாஸ்பேட்டும் எடையில் 3:1 முதல் 5:1 வரை இருந்தால் கரைசல் நீலம் கலந்த பால்நிறமாக மாறும். அதுதான் துகள் உருவானதன் அடையாளம். அதற்கு மேலும் சொட்டவிட்டால் தயிர் போலத் திரியும், அந்தத் தொகுதியைக் கொட்ட வேண்டியதுதான். சொட்டுகளுக்கு இடையே கலக்கியின் வேகம் மாறினாலும் அளவு மாறும். வடிகட்டாத கைட்டோசானில் இருக்கும் கரையாத பிசிறுகள் ஒளிச்சிதறல் அளவீட்டைக் கெடுக்கும், 0.45 மைக்ரான் வடிகட்டியில் ஒரு முறை செலுத்திவிட்டுத் தொடங்குவது நல்லது.

தொல்லை குடலில் தொடங்குகிறது. கைட்டோசானின் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் மின்னேற்றம் பெற்றிருக்கும் பிஹெச்) 6.5ஐ ஒட்டியது. இரைப்பையின் பிஹெச் 1.2இல் முழுதாக மின்னேற்றம் பெற்று உப்பிக் கரையப் பார்க்கும். மருந்து அங்கேயே கசிந்துவிடும். சிறுகுடலின் கடைசியில் பிஹெச் 7ஐத் தாண்டும்போது மின்னேற்றத்தை இழந்து கட்டியாகும். சளியில் ஒட்டுவதைப் பெரிய நன்மையாகச் சொல்வார்கள். ஆனால் ஒட்டுவது மேலாக இருக்கும் தளர்ந்த சளியில். அந்தச் சளி சில மணி நேரத்தில் கழன்று மலத்தோடு போகும், துகளும் கூடவே போகும். பெருங்குடலில் சளி இரண்டு அடுக்கு. செல்லை ஒட்டிய உள்ளடுக்கு, நலமான நிலையில் கிருமிகளையே அண்டவிடாத அளவுக்கு இறுக்கமானது. ஷிகெல்லா இருக்கும் செல்லுக்குப் போக இந்த இரண்டையும் தாண்ட வேண்டும். ஒட்டும் துகளால் அது ஆகாது.

ஆல்ஜினேட் உறை போட்டால் இரைப்பைப் பிரச்சினை ஓரளவு தீரும். ஆனால் ஆல்ஜினேட்டை இறுக்கக் கால்சியம் குளோரைடு சேர்ப்பார்கள். மருந்து சிப்ரோஃப்ளாக்சசினோ டாக்சிசைக்ளினோ என்றால் அது கால்சியத்தோடு பிணைந்து வீரியம் இழக்கும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கில் சேர்த்துக் கொடுக்கும் துத்தநாக மாத்திரையும் இதே வேலையைச் செய்யும். சிப்ரோஃப்ளாக்சசினை அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ கொடுக்கச் சொல்வது அதனால்தான். இன்னொன்று பலர் சோதிப்பதே இல்லை: உப்புச் சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 10 மில்லிமோல் சிட்ரேட் இருக்கிறது, சிட்ரேட் கைட்டோசானைப் பிணைக்கும் அயனி. நோயாளி நாள் முழுக்கக் குடிக்கப்போவது அந்தக் கரைசலைத்தான். துகளை அதில் போட்டு அரை மணி நேரம் கழித்து அளவைப் பாருங்கள். கட்டியாகியிருந்தால் மற்ற சோதனைகளுக்குப் போகுமுன் சூத்திரத்தைத் திருத்த வேண்டும்.

எங்கள் கணிப்பில் இந்தப் பயன்பாட்டுக்குக் கைட்டோசான் சரிப்பட்டு வராது. வகுப்பறைப் பயிற்சிக்கு நன்று.

பிஎல்ஜிஏ

லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களின் கூட்டுப் பாலிமர். ஊசி மருந்துகளில் நீண்ட வரலாறு உள்ளதால் பாதுகாப்புக் கேள்விகள் குறைவு. நீரில் கரையாத மருந்தென்றால் வேலை எளிது: 50 மி.கி. பாலிமர், 5 மி.கி. மருந்து, 5 மி.லி. அசிட்டோன், இதை 0.5-1% போலாக்சமர் (துகள்கள் ஒட்டாமல் காக்கும் பாலிமர்) உள்ள 15 மி.லி. நீரில் ஊற்றி, அசிட்டோன் ஆவியாகும்வரை மூன்று நான்கு மணி நேரம் கலக்கினால் 150-200 நானோமீட்டர் துகள் கிடைக்கும்.

ஜென்டாமைசின் நீரில் அபாரமாகக் கரைவது. அதை இந்த முறையில் அடைக்க முடியாது. மருந்துள்ள நீரைக் கரிமக் கரைப்பானிலும் அதைத் திரும்ப நீரிலும் துளிகளாக்கும் இரட்டைக் குழம்பு முறைக்குப் போனால் உள்நீரில் இருந்த மருந்து வெளிநீருக்கு ஓடிவிடும். அப்போது கையிலெடுப்பது அயனி ஜோடி வழி. ஜென்டாமைசினில் ஐந்து அமினோ குழுக்கள். அவற்றோடு எதிர்மின்னேற்றக் கொழுப்பு அயனி ஐந்தைச் சேர்த்தால் மருந்து நீரைவிட்டுக் கரிமக் கரைப்பானுக்கு வந்துவிடும், அடைப்பது சுலபமாகும். இதற்கு வழக்கமாகப் பயன்படுவது டாக்யூசேட் சோடியம்.

இங்கே நின்று எடையைக் கணக்கிட வேண்டும். ஐந்து டாக்யூசேட் அயனிகளின் எடை சுமார் 2,100, ஜென்டாமைசின் சுமார் 480. ஜோடியில் மருந்து 19 விழுக்காட்டுக்கும் குறைவு. துகளில் ஜோடி 30% ஏறினாலும் ஜென்டாமைசின் 5.6% அளவுதான். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, ஒரு கணக்குக்காக, ஊசி அளவான கிலோவுக்கு 5 மி.கி.யை எடுத்துக்கொள்வோம்: 60 மி.கி. மருந்துக்கு 1.1 கிராம் தூள். பொட்டலமாகக் கொடுக்கலாம், அதுவரை சரி. ஆனால் கூடவே சுமார் 260 மி.கி. டாக்யூசேட் போகிறது. டாக்யூசேட் மருந்துக்கடையில் விற்கும் மலமிளக்கி. பெரியவர்களுக்கே நாளுக்கு 50 முதல் 300 மி.கி. வரைதான். சீதபேதியில் கிடக்கும் குழந்தைக்கு, மருந்தென்ற பெயரில் பெரியவர் அளவு மலமிளக்கி! செல் சோதனையில் இது தெரியவே தெரியாது. டாக்யூசேட்டுக்குப் பதில் ஓலிக் அமில உப்பை வைத்துச் செய்வது இந்தப் பயன்பாட்டுக்குப் பொருத்தம்.

பிஎல்ஜிஏவின் அடுத்த சிக்கல் நேரம். 50:50 வகை கரைய வாரக்கணக்காகும். துகள் சிறுகுடலைக் கடப்பது மூன்று நான்கு மணி நேரத்தில். வயிற்றுப்போக்கில் பெருங்குடலிலும் நிற்காது. தொடக்கத்தில் சட்டென வெளிவரும் மருந்து போக மீதி மலத்தோடு வெளியேறும். துகள் சுவரில் தங்கினால் மட்டுமே மெதுவாக விடும் குணம் உதவும். அதற்குச் சாதகமான ஒரு சான்று உண்டு: 2001இல் வெளியான எலி ஆய்வில் 100 நானோமீட்டர் துகள்கள் நலமான பெருங்குடலில் 2 விழுக்காடு அளவுக்கும் அழற்சியுள்ள பெருங்குடலில் 14 விழுக்காட்டுக்கு மேலும் தங்கின. சீதபேதியில் பெருங்குடல் அழற்சியில்தான் இருக்கிறது. அளவைப் 100 நானோமீட்டர் பக்கம் வைத்துக்கொள்ள இது போதுமான காரணம். மீதி 85 விழுக்காடு எங்கே போயிற்று என்பதையும் அதே எண் சொல்கிறது.

மேற்பரப்பில் கவனம் தேவை. பாலிவைனைல் ஆல்கஹால் கொண்டு செய்த துகளை மூன்று முறை கழுவினாலும் கொஞ்சம் ஒட்டியே இருக்கும். அது சளியில் பிடித்துக்கொள்ளும். போலாக்சமர் 407 அல்லது நெருக்கமான குறுஞ்சங்கிலிப் பெக் (பாலிஎத்திலீன் கிளைகால்) பூச்சு சளியை நழுவிக் கடக்க விடும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2007இல் 200, 500 நானோமீட்டர் துகள்களே பெக் பூச்சோடு சளியில் ஓடுவதைக் காட்டியது. அது கருப்பைவாய்ச் சளி. குடல் சளியின் கண்ணி இன்னும் நெருக்கம் என்பதால் அளவில் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மெரோபெனம் போன்ற பீட்டாலாக்டம் மருந்தை இதில் போடவே வேண்டாம். பாலிமர் சிதையும்போது துகளுக்குள் அமிலம் தேங்கும், நீரும் இருக்கும். மருந்து வெளியே வருமுன் உள்ளேயே உடைந்துவிடும்.

கொழுப்புத் துகள், லிப்போசோம், சிலிக்கா

லிப்போசோம் பித்த உப்பைக் கண்டால் கரையும். கொலஸ்ட்ரால் கூட்டிச் சமாளிக்கலாம், முழுதாகத் தப்பாது. நுரையீரலுக்கு மூச்சில் இழுக்கும் அமிக்காசின் லிப்போசோம் 2018இல் ஒப்புதல் பெற்றதைக் காட்டி வாய்வழிக்கும் வாதிடுவார்கள். நுரையீரலில் பித்தமும் இல்லை, கணைய லைப்பேஸும் இல்லை.

கிளிசரில் பெஹனேட் போன்ற திடக் கொழுப்பில் செய்த துகளைக் கணைய லைப்பேஸ் செரித்துவிடும். ரிஃபாம்பிசின், ரிஃபாபியூட்டின் போலக் கொழுப்பில் கரையும் மருந்துக்கு அது நல்லதுதான். செரித்த கொழுப்போடு நிணநீர் வழியில் ஏறும். பெருங்குடல் வரை துகளாகவே போக வேண்டும் என்றால் உதவாது. வைப்பில் இன்னொரு தொல்லை: கொழுப்பு மெல்ல மெல்ல ஒழுங்கான படிகமாக மாறும்போது உள்ளே இருந்த மருந்தை வெளியே தள்ளும். மூன்று மாதம் கழித்துக் குப்பியின் அடியில் மருந்துப் படிகம் தெரியும். கொஞ்சம் திரவக் கொழுப்பு கலந்தால் குறையும்.

நுண்துளைச் சிலிக்காவின் பலம் ஏற்றம்: 20-30% எளிதில் வரும். எடைக் கணக்கில் தேறுவது இது. ஆனால் துளை திறந்தே இருப்பதால் வாயில் கதவு வேண்டும். பெருங்குடலுக்கென்றால் பிஹெச் 7க்கு மேல் கரையும் யூட்ராஜிட் எஸ்100 பூச்சு போடுவார்கள். உணவில் சேர்க்க அனுமதியுள்ள சிலிக்காவைக் காட்டி இதுவும் அதுதானே என்று கேட்க முடியாது. துளை அமைப்பும் மேற்பரப்பும் வேறு, நச்சுத்தன்மைச் சோதனை தனியாகச் செய்ய வேண்டும்.

வேகவீழ்படிவுத் துகள்

அதிகம் பேசப்படாத, ஆனால் மருந்தாலைக்கு மிக அருகில் நிற்கும் வழி இது. மருந்தும் நிலைப்படுத்தியும் கரைந்த கரைப்பான் ஒரு தாரை, நீர் இன்னொரு தாரை. இரண்டும் ஒரு சிறிய அறையில் மோதி மில்லிநொடிகளில் கலக்கும், மருந்து 100 நானோமீட்டர் அளவில் வீழ்படியும். சுற்றிலும் பாலிமர் கனமாக இராது. மெல்லிய உறை மட்டும். அதனால் ஏற்றம் பல மடங்கு. பிரின்ஸ்டன் குழு குளோஃபாசிமினை இப்படிச் செய்து, குடலைத் தாக்கும் ஒட்டுண்ணியான கிரிப்டோஸ்போரிடியத்துக்காக 2017இல் வெளியிட்டது. உறைக்கு லெசித்தின், சோளப் புரதம், ஹெச்பிஎம்சிஏஎஸ் என்ற செல்லுலோஸ் வகைப் பாலிமர் போன்ற மலிவுப் பொருள்கள். தெளிப்புலர்த்தியில் தூளாக்கலாம். ஓலிக் அமில ஜோடியாக்கினால் நீரில் கரையும் மருந்தையும் இதே கருவியில் செய்யலாம்.

இதே மருந்தின் கதையில் ஒரு பாடமும் உண்டு. மலாவியில் ஹெச்ஐவி உள்ளவர்களிடம் வழக்கமான குளோஃபாசிமினைக் கிரிப்டோஸ்போரிடியத்துக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையில் பலன் இல்லை. கடும் வயிற்றுப்போக்கில் மருந்து எங்கே, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை எலிக் கூண்டிலிருந்து கணிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இது ஒரு அளவுகோல்.

ஷிகெல்லாவுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஓலிக் அமில ஜோடி ஜென்டாமைசின், வேகவீழ்படிவு, 100 நானோமீட்டர், பெக் அல்லது போலாக்சமர் மேற்பரப்பு, இதை பிஹெச் 6க்கு மேல் கரையும் யூட்ராஜிட் எல்100 பூசிய சிறு மணிகளில் அடைப்பது என்று போவோம். நானோ துகளையே நேரடியாக யூட்ராஜிட்டில் செய்தால் பரப்பளவு கூடியதால் சிறுகுடலின் வாயிலிலேயே நிமிடங்களில் கரைந்துவிடும். மில்லிமீட்டர் மணி அந்தத் தாமதத்தைத் தரும். எஸ்100ஐ இங்கே தவிர்ப்பது காரணத்தோடுதான்: வேகமாக ஓடும் குடலில் பிஹெச் 7க்குக் காத்திருந்தால் மணி முழுதாகவே வெளியேறும். பெக்டின், குவார் பிசின் என்று பெருங்குடல் கிருமிகள் செரிக்கும் பூச்சுகளும் உண்டு. ஆனால் பூச்சைச் செரிக்க வேண்டிய கிருமிகளையே உள்ளிருக்கும் ஆன்டிபயாடிக் கொல்லும். இரண்டாம் நாளுக்குப் பிறகு பூச்சு கரையுமா என்பது சந்தேகம்.

சோதனையில் ஏமாறும் இடங்கள்

அமிலச் சோதனையைத் தனியாக, பித்தச் சோதனையைத் தனியாகச் செய்து இரண்டிலும் தேறியது என்று எழுதுவது வழக்கம். துகள் இரண்டையும் வரிசையாகச் சந்திக்கிறது. பெப்சின் உள்ள பிஹெச் 1.2 கரைசலில் 2 மணி நேரம், அதே துகளை எடுத்து 3 மில்லிமோல் டாரோகோலேட் என்ற பித்த உப்பும் 0.75 மில்லிமோல் லெசித்தினும் உள்ள பிஹெச் 6.5 கரைசலில் 3 மணி நேரம், பிறகு 7.2இல். மருந்து மட்டும் கசியும் டயாலிசிஸ் பையில் துகளைப் போட்டு மருந்து மெதுவாக வந்தால் அது துகளின் வேகமா, பையின் வேகமா? வெறும் மருந்தை அதே பையில் போட்டு ஒரு கோடு வரைந்து பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். பல கட்டுரைகளின் '24 மணி நேரக் கட்டுப்பாட்டு வெளியீடு' உண்மையில் பையின் வேகம்.

எம்ஐசி (கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவு) நான்கு மடங்கு குறைந்தது என்றால் பேசலாம். இரண்டு மடங்கு என்றால் அது அந்த முறையின் இயல்பான ஊசலாட்டம், கண்டுபிடிப்பாகாது. கைட்டோசான் துகள் பிஹெச் 7.4 வளர்ப்புக் குழம்பில் தானே கலங்கும். கலங்கலைப் பார்த்து வளர்ச்சி என்று படித்துவிடுவார்கள். ரெசாசுரின் நிறமாற்றமோ தட்டில் எண்ணுவதோதான் நம்பகம். வெற்றுத் துகள், வெறும் மருந்து, இரண்டும் சும்மா கலந்த கலவை: இந்த மூன்று ஒப்பீடுகளும் இல்லாத முடிவை மதிக்க வேண்டியதில்லை.

செல்லுக்குள் கிருமி கொல்லும் சோதனையில் வெளியே உள்ள கிருமியை அழிக்க மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் ஒரு மணி நேரம் வைப்பார்கள், பிறகு 10 மைக்ரோகிராம். சோதிக்கும் மருந்தும் ஜென்டாமைசின் என்றால் பின்னணியே விடையை மூழ்கடிக்கும். மேலும் துகள் செல் சவ்வைக் கிழித்திருந்தால் வெளியிலுள்ள ஜென்டாமைசின் உள்ளே நுழைந்து கிருமியைக் கொல்லும். பார்ப்பவருக்கு அது துகளின் வெற்றி போலத் தெரியும். அதே தட்டில், செல் சவ்வு கிழிந்தால் வெளிவரும் நொதியான எல்டிஹெச்சின் கசிவை அளந்தால் குட்டு வெளிப்படும். ஆய்வகத்தில் வளர்க்கும் குடல் செல்லான காக்கோ-2ஐ மட்டும் வைத்துச் சளியைத் தாண்டியது என்று எழுதக்கூடாது, அந்தச் செல் சளி சுரப்பதில்லை. அதோடு சளி சுரக்கும் ஹெச்டி29-எம்டிஎக்ஸ் செல்லை 9:1 அளவில் கலந்து 21 நாள் வளர்க்க வேண்டும்.

சுண்டெலியில் இன்னும் மோசம். அதன் இரைப்பை பிஹெச் 3 முதல் 4, மனிதனைவிட மிதமானது. அமிலத்தில் உடையும் துகளும் அங்கே பிழைக்கும். குடலிலோ நேர்மாறு: சுண்டெலியின் குடல் பிஹெச் சராசரி 5.2க்கும் கீழே அளவிடப்பட்டிருக்கிறது. பிஹெச் 6க்கோ 7க்கோ கரையும் பூச்சு அங்கே கரையவே கரையாது. நல்ல சூத்திரம் தோற்றதாகவும் மோசமான சூத்திரம் வென்றதாகவும் காட்டக்கூடிய விலங்கு அது. ஷிகெல்லா சாதாரணச் சுண்டெலியை வாய்வழியாகத் தொற்றாது என்பது வேறு. அதற்கென மரபணு மாற்றிய எலி 2020இல்தான் வந்தது.

குடல் கிருமிக் கூட்டத்தைக் காப்பாற்றுவதும் நானோ ஆய்வின் ஒரு தனிக் கிளை. சீனாவின் ஹெஃபே நகரக் குழு 2022இல், குளுக்கோஸ் பூசிய நேர்மின்னேற்றத் துகள் சிறுகுடலின் தொடக்கத்திலேயே குளுக்கோஸ் கடத்தியைப் பிடித்து உறிஞ்சப்படுவதை எலிகளில் காட்டியது. ஆன்டிபயாடிக் பெருங்குடலை எட்டாததால் கிருமிக் கூட்டம் குலையவில்லை. அருமையான வேலை, ஆனால் உடலின் வேறு இடத்துத் தொற்றுக்கு. மருந்து பெருங்குடலுக்குப் போகக்கூடாது என்பதற்காகச் செய்தது. இதை ஷிகெல்லா திட்டத்துக்கு ஆதாரமாகக் காட்டுவது தலைகீழ். பெருங்குடலில் மெதுவாகக் கசியும் துகளுக்கு நேர் எதிரான ஆபத்து உண்டு: கொல்லப் போதாத அளவு மருந்து நாள்கணக்கில் கசிந்தால் எதிர்ப்புக் கிருமி வளர அதைவிட வசதி வேறில்லை. முதல் 6 மணி நேரத்தில் பெரும்பகுதி மருந்தை விட்டுவிடும் துகளே நல்லது. 'நீடித்த வெளியீடு' என்ற சொல் இங்கே விளம்பரத்துக்கு ஏற்றது, சிகிச்சைக்கு ஏற்றதல்ல.

காகித வேலையையும் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். இந்தியாவில் உயிரித் தொழில்நுட்பத் துறை 2019 அக்டோபரில் நானோ மருந்துகளை மதிப்பிடும் வழிகாட்டியை வெளியிட்டது. அமெரிக்க எஃப்டிஏவின் வழிகாட்டி 2022 ஏப்ரலில் வந்தது. கரைப்பானான டைகுளோரோமீத்தேனின் மீதம் 600 பிபிஎம் தாண்டக்கூடாது. எத்தில் அசிட்டேட்டுக்கும் அசிட்டோனுக்கும் 5,000 வரை இடமுண்டு. முதல் நாளே இந்த இரண்டில் ஒன்றுக்கு மாறினால் பின்னால் சூத்திரத்தைத் திரும்பக் கட்ட வேண்டியிராது.

வைப்புச் சோதனையை ஏற்றச் சோதனைக்கு முன்பே செய்து பார்ப்பது எங்கள் பரிந்துரை. பிஎல்ஜிஏ 50:50 இளகத் தொடங்கும் வெப்பம் 45 பாகை செல்சியஸை ஒட்டியது, ஈரம் ஏறினால் இன்னும் இறங்கும். 40 பாகை, 75% ஈரப்பதப் பெட்டியில் ஒரு மாதம் வைத்த தூளைத் திரும்ப நீரில் கலக்கினால் 150 நானோமீட்டர் துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டி மைக்ரான் கட்டிகளாக வரும். அதைக் காக்கக் குளிர்பெட்டி வேண்டுமென்றால், குளிர்பெட்டியும் செவிலியரும் இருக்கும் இடத்தில் ஊசியே போட்டுவிடலாம். ஹெச்பிஎம்சிஏஎஸ் இளகுவது 100 பாகைக்கும் மேலே. அந்த உறை போட்ட தூள் துணைச் சுகாதார நிலையத்தின் அலமாரியில் கோடையைத் தாங்க வாய்ப்புண்டு.